பேர் வெட்டின ஆள்

சாம்பலும் தேங்காய் நாருமாக முப்பிடாதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டரை மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்புமுன் முடித்தாக வேண்டும் என்று கை பறந்தது, ஆனாலும் ஒவ்வொரு பாத்திரத்தின் வயிற்றிலும் வெட்டியிருந்த பேர் வரும்போது மட்டும் அந்தக் கை நின்று நிதானித்துத் தேய்த்தது, ஏனென்றால் மேலப்பாறைக்குளத்தில் பேர் வெட்டாத பாத்திரம் பாத்திரமே இல்லை, கல்யாணத்துக்கு வந்த குடமானாலும் சடங்குக்கு வந்த தம்ளரானாலும் பாத்திரக்கடை ஐயங்கண்ணுவிடம் கொண்டுபோய்ப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிய பிறகுதான் அது வீட்டுக்குள் நுழையும், அப்படிப் பேர் வெட்டின சாமான் குழம்போடு எந்த வீட்டுக்குப் போனாலும், அங்கே எத்தனை நாள் கிடந்தாலும், கடைசியில் பேர்க்காரி வீட்டுக்குத் திரும்பி வந்தே தீரும், வெறும் பாத்திரமாக வராமல் ஒரு கை சீனியோ அரிசியோ போட்டுக்கொண்டு வரும், இது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் டைப் ஆபீஸ் பெண்கள் வரிகளுக்கும் பேர் வெட்டினார்கள்.

டைப் ஆபீஸ் பஸ் ஸ்டாண்ட் மாடியில் இருந்தது. பத்து கம்ப்யூட்டர், பத்து நாற்காலி, ஜன்னல் கம்பியில் கட்டிய மூன்று சேலைத் தொட்டில். கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு கப்பல் கம்பெனிக்கு ஒரு காலத்தில் எழுதின புரோகிராம், அதை வைத்திருந்த மிஷின் செத்துப்போனது, அச்சடித்த காகிதம் மட்டும் பிழைத்தது, பச்சைப் பட்டையும் வெள்ளைப் பட்டையுமாக இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அந்தக் காகிதங்கள் மூட்டை மூட்டையாகச் சென்னைக் கம்பெனிக்கு வந்து, அங்கிருந்து மேலப்பாறைக்குளத்துக்கு வந்தன. அதைப் பார்த்து எழுத்து மாறாமல், புள்ளி மாறாமல் மறுபடி அடிக்க வேண்டும். அர்த்தம் தெரிய வேண்டாம், எட்டாம் கிளாஸ் போதும், பீடி சுற்றிப் பழகின விரலாக இருந்தால் இன்னும் நல்லது என்று ஆள் எடுத்தார்கள். முதல் வாரத்திலேயே பெண்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள், வரியின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டால் அந்த வரியை மிஷின் படிக்காது, அது மனுசர் படிக்கிறதுக்கான வரி. மிஷினுக்கு வேண்டாத இடம் என்றால் நமக்கு வேண்டும் என்று, ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் ஒரு நட்சத்திரம் போட்டு அதன் பக்கத்தில் தங்கள் பேரை அடித்து வைத்தார்கள். தங்கபுஷ்பம் தன் பேரோடு புருசன் பேரையும் சேர்த்து அடித்தாள், உலகம்மாள் பேருக்கு முன்னால் இனிஷியல் போட்டாள், முப்பிடாதி மட்டும் நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிட்டால்கூட உள்ளேன் என்று சொல்ல வாய் வராமல் கையை மட்டும் தூக்கினவள் அவள், தன் பேரைத் தானே எழுதிப் பார்க்கிறது குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூப்பர்வைசர் கோமதிநாயகம் வருவான். வாயில் அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், முப்பிடாதி மனசுக்குள் மட்டும் அவன். அவன் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, வேறு யாரும் தொடக்கூடாத நாலு எழுத்தை அடித்து, அதன் பக்கத்தில் ஒருத்தி கூட்டின் பேரை, அதாவது அவள் அடித்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள் சேர்ந்து கிடக்கிற இடத்தின் பேரை அடித்து, எண்டரைத் தட்டுவான். கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் அந்த நாலு எழுத்து அவள் அடித்த அத்தனையையும் எண்ணி மூன்று எண்ணாகப் போட்டுவிடும், முதலில் வெற்று வரி, நடுவில் நட்சத்திர வரி, கடைசியில் வேலை வரி. மாசக் கடைசியில் வேலை வரி யாருக்குக் குறைச்சலோ அவள் நாற்காலி போய்விடும், இது சென்னைக் கம்பெனி சட்டம்.

இரண்டு சட்டத்துக்கும் நடுவில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தான். பீடிக் கம்பெனி ஏஜெண்டாக இருந்தவன். நல்ல பீடிக்கட்டைக் கழிவு என்று ஒதுக்கிவிட்டு, ஒதுக்கினதைத் தன் சாக்கில் போட்டுக்கொள்கிற கை. அந்தக் கை கம்ப்யூட்டரிலும் அதையே செய்தது. பெண்கள் அடித்த பக்கங்களை வெட்டி எடுத்துத் தன் கூட்டுக்குள் ஒட்டிக்கொள்வான், ஒட்டினதும் பக்கத்தின் அடியில் இருக்கும் நட்சத்திர வரியை மட்டும் ஒன்றொன்றாக அழித்துவிடுவான். மாசக் கடைசியில் அவன் எண் மலை மாதிரி நிற்கும். இப்படி ஒரு ஆளா என்று சென்னைக் கம்பெனி மூக்கில் விரல் வைத்தது.

உலகம்மாள் எட்டு மாச வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். முப்பிடாதிக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. ஒரு மாசக் கடைசியில் அவள் கூட்டை எண்ணினபோது சைபர், சைபர், சைபர் என்று வந்தது.

"ஏட்டி உலகம்மா, இந்த மாசம் பூரா என்னத்தத் தட்டிக்கிட்டிருந்த? மேசையையா?" என்றான் கோமதிநாயகம்.

"அண்ணாச்சி, நான் அடிச்சேன். கேட்டுப் பாருங்க. முப்பிடாதி, சொல்லேன்."

முப்பிடாதி அத்தனை தட்டலையும் கேட்டவள். கையைத்தான் தூக்கினாள், அதுவும் பாதி. கோமதிநாயகம் அதைப் பார்த்துவிட்டு, "என்ன, தண்ணி குடிக்கப் போணுமா?" என்றான். உலகம்மாள் போனாள். பவுடர் போட்டுக்கொண்டு தினமும் போனவள் அங்கே ஒரு வரிகூட அடிக்கவில்லையாமே, பிறகு எங்கே போய் வந்தாள் என்று அவள் மாமனார் வீட்டில் கேட்டார்கள், கேட்டுவிட்டு வாசல் தாண்ட விடவில்லை, பிள்ளை பிறந்தது, பார்க்கப் போன முப்பிடாதியையும் உள்ளே விடவில்லை. அன்றையிலிருந்து முப்பிடாதியின் வயிற்றில் ஒரு கங்கு கிடந்தது, சோறு தின்றாலும் அது அணையவில்லை, தண்ணீர் குடித்தாலும் அணையவில்லை, அவனை எரிக்கும் அல்லது என்னை எரிக்கும் என்று அவள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கோமதிநாயகம் தன் கூட்டை எண்ணினான். நட்சத்திரத்தை எல்லாம் அழித்துவிட்டானே, நடு எண் சைபராக வர வேண்டும். இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்று வந்தது. கூட்டைத் திறந்து பார்த்தான், ஒரு நட்சத்திரமும் இல்லை. மறுபடி எண்ணினான், இரண்டாயிரத்து நூற்று நாற்பது. வேர்த்துப்போய் வாட்சைக் கழற்றினான், வாட்ச் வார் மறைத்திருந்த இடத்தில் புள்ளி புள்ளியாக, கடுகு அளவு எழுத்தில், உலகம்மாள் என்று இருந்தது.

மிச்சத்தை அவன் பெண்டாட்டி சண்முகவடிவு குளிக்கிற இடத்தில் பார்த்தாள். தோளில் தங்கபுஷ்பம், முழங்கையில் தங்கபுஷ்பம், விலாவில் உலகம்மாள் உலகம்மாள் உலகம்மாள், தொடையில் செல்லக்கனி, ஒன்பது பெண்களின் பேரும் சோற்றுப் பானையில் அரிசி கிடக்கிற மாதிரி நெருக்கிக் கிடந்தன. திரையில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தது தோலில் தமிழில் வந்திருந்தது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதுகில் மட்டும் பேர் இல்லாமல் வரிசையாக நட்சத்திரங்கள். சண்முகவடிவு அவனைப் புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், பேர்கள் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

பிறகு அவள் ஐயங்கண்ணுவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோமதிநாயகத்தை வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என் வேலை இல்ல மதினி. நான் வெட்டினா கொம்பு கொஞ்சம் சாயும். இது நேரா நிக்கி."

"அழிக்க முடியுமா?"

"ஈயம் பூசலாம். பாத்திரம்னா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு வெட்டினதோ, கை சுத்தம். பேர்க்காரிய கிட்ட கொடுத்திருங்க, வேற வழி இல்ல."

அதோடு ஊருக்குச் சந்தேகம் தீர்ந்தது. எப்படி வந்தது என்று கேட்டவர் ஒருவர் இரண்டு பேர், யாருக்குச் சொந்தம் என்று கேட்டவர்தான் மற்ற எல்லாரும். பேர் வெட்டின சாமான் பேர்க்காரிக்குத்தானே. சண்முகவடிவு மானஸ்தி. "யாரு வீட்டுச் சாமானையும் நான் ஒரு நாளுக்கு மேல வச்சிக்கிட்டதில்ல" என்று சொல்லி, மறுநாள் காலையில் புருசனின் சட்டைப் பையில் ஒரு கை சீனியைப் போட்டுத் தங்கபுஷ்பம் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். தங்கபுஷ்பம் சீனியைக் கொட்டிக்கொண்டு, அவனைக் கேஸ் சிலிண்டர் தூக்க வைத்தாள். புதன்கிழமை செல்லக்கனி வீட்டில் மாவாட்டினான், வியாழக்கிழமை இன்னொருத்தி வீட்டில் ஓடு மாற்றினான், ஆபீஸுக்கு வருகிற நேரம் போக மற்ற நேரத்துக்கு முறை வைத்தார்கள். திருநெல்வேலிக்குத் தப்பிப் போகலாம் என்று பஸ் ஏறினால் கண்டக்டர் அவன் சட்டைக் கையை மடித்துப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, உடைமைக்காரிய கிட்ட கேட்டுட்டு வாங்க, நாளைக்கு என்னையக் கேப்பாவ" என்று இறக்கிவிட்டார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆள் பற்றவில்லை என்று கமிட்டிக்காரர்கள் வந்து, "உங்க சாமான ரெண்டு நாளைக்குத் தந்தீகன்னா, பத்திரமா திருப்பிக் கொண்டாந்து விட்டுருதோம்" என்று ஒன்பது வீட்டிலும் முறையாகக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவன் கணுக்காலில் எழுத்துக் கூட்டிப் படித்தன.

முப்பிடாதி வீட்டுக்கு அவன் வரவில்லை. அவள் பேர் அவன் மேல் எங்கேயும் இல்லையே. முதுகு நட்சத்திரத்தை ஊர் அழகுக்குப் போட்டது என்று நினைத்தது, சொம்பின் கழுத்தில் பூ வெட்டுகிற மாதிரி. அவளுக்கு மட்டும் தெரியும், தன்னிடமிருந்து போன பக்கங்களை அவள் விரல் ரேகையில் எண்ணி வைத்திருந்தாள், முந்நூற்று ஆறு. எல்லாரையும்விட அதிகமாகத் திருட்டுக் கொடுத்தவள் அவள். என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல நினைத்து வாயைத் திறப்பாள், திறந்த வாய்க்குள் அவள் கைப்பிள்ளை விரலை விடும், அவள் மூடிக்கொள்வாள்.

இப்படி நாற்பது நாள் போனது. பிறகு புருசன்மார்களுக்குக் கசந்தது. தங்கபுஷ்பத்தின் புருசன் டீக்கடையில் இருந்து எழுந்து வந்து, "உன் பேரு, பக்கத்துல என் பேரு, ரெண்டும் அவன் அக்குள்ல கிடக்கு. ஊரே தூக்கிப் பாக்குது. எனக்குச் சிலிண்டரும் வேண்டாம் மயிரும் வேண்டாம், எடுத்திரு" என்றான். எடுக்கிற வழியையும் தங்கபுஷ்பம்தான் கண்டுபிடித்தாள். ஒரு பக்கத்தின் அடியில் தன் பேரைத் திரும்ப அடித்தாள், அந்த நேரம் கோமதிநாயகத்தின் தோளில் இருந்து ஒரு பேர் உதிர்ந்தது, ஒரு வரிக்கு ஒரு பேர். கோமதிநாயகம் சும்மா இருப்பானா, கம்பெனி திறந்தே பார்க்காத மூலையில் ஒரு கூட்டை உண்டாக்கி, அதற்குக் குப்பை என்று பேர் வைத்து, "இதுல அடிங்க, இதுலயே போதும்" என்று வரிசையில் உட்காரவைத்தான். பெண்களும் அலுத்துப்போய் அடித்தார்கள். அழிந்த பேர்கள் குப்பையில் போய்ச் சேர்ந்தன, திருடின வேலை வரிகள் அவன் கூட்டிலேயே இருந்தன.

கடைசியாக உலகம்மாளை அவள் மாமனார் கூட்டிவந்தார். இடுப்பில் பிள்ளை, ஆள் பாதியாக இருந்தாள். ஒற்றைக் கையால் இருநூற்று முப்பது தடவை தன் பேரை அடித்தாள். கோமதிநாயகம் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை, நீ அடித்தது நிஜம் என்று மாமனார் காதில் விழ ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வாட்ச் வாருக்கு அடியில் இருந்த கடைசிப் பேர் போனதும் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"ஒரு வார்த்த கேட்டுப் பாரேன் அக்கா அவன்கிட்ட" என்று முப்பிடாதி கிசுகிசுத்தாள்.

"விடு, முப்பிடாதி" என்றாள் உலகம்மாள். "என் பேரு எங்கயும் இல்லாம இருந்தாப் போதும்."

முப்பிடாதி வயிற்றில் கிடந்த கங்கு அப்போது நெஞ்சுக்கு ஏறியது.

மாசக் கடைசி வந்தது. சென்னைக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் நேரிலேயே வருகிறார்கள், மூன்று மணிக்கு வந்து எண்ணிப் பார்த்து, கோமதிநாயகத்தைப் பெரிய பதவிக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று சேதி. அவன் புதுச் சட்டை போட்டு வந்தான். சட்டைக்கு உள்ளே முந்நூற்று ஆறு நட்சத்திரம் இருந்தது, அதை யார் பார்க்கப் போகிறார்கள். முப்பிடாதி பக்கத்தில் வந்து நின்று, தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை ஒரு ஆட்டு ஆட்டினான்.

"இந்த மாசம் உன் எண்தாம்ட்டி கடைசி. ரெண்டு நாள் முந்தியே சொல்லிருக்கணும், மறந்துட்டேன். நாளையிலேருந்து வர வேண்டாம். உனக்கென்ன, பீடி இருக்கு." பிறகு சிரித்துக்கொண்டு, "நீ சண்டைக்கும் வரமாட்ட. நல்ல பிள்ள" என்றான்.

அவன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் தலை சீவினான். முப்பிடாதி பிள்ளையைப் பார்த்தாள், பக்கத்தில் காலியாகக் கிடந்த உலகம்மாளின் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு யாரும் தொடக்கூடாத கறுப்புத் திரையைத் திறந்தாள். தினமும் ஐந்து மணிக்குப் பார்த்துப் பார்த்துப் படித்த நாலு எழுத்தையும் அடித்தாள், அவன் கூட்டின் பேரை அடித்தாள், எண்டரைத் தட்டினாள். நடு எண் முந்நூற்று ஆறு. விரல் ரேகைக் கணக்கு ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

என் பேரை அடித்தால் அவன் முதுகு சுத்தமாகிவிடும், அவன் சுகமாகப் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருக்கும்போது இன்னொன்று தோன்றியது. அடித்தால் உதிர்கிறது. அழித்தால்தானே ஏறியது? அதுவும் அவன் அழித்ததால் ஏறியதா, யார் அழித்தாலும் ஏறுமா? அவள் அவன் கூட்டைத் திறந்து ஒரு நட்சத்திரம் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு எழுத்தை அடித்தாள், பிறகு அந்த எழுத்தை அழித்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கோமதிநாயகம் கொசு கடித்த மாதிரி கன்னத்தில் ஒன்று போட்டுக்கொண்டான். கையை எடுத்தபோது கன்னத்தில் கடுகளவு ஒரு எழுத்து நேராக நின்றது. சட்டைக்குள் இடம் காலியாகத்தான் கிடந்தது, ஆனாலும் இந்தத் தடவை முகத்தில்தான் ஏறியது.

ஜன்னலுக்குக் கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. படியில் செருப்புச் சத்தம். முப்பிடாதி பீடி சுற்றுகிற வேகத்தில் அடித்தாள், அவளுக்கு வராத பேச்செல்லாம் விரலுக்கு வந்தது. நட்சத்திரம், இவன் பத்துப் பேர் வரியைத் திருடினவன். நட்சத்திரம், உலகம்மாள் அடித்தாள், எட்டு மாச வயிற்றோடு அடித்தாள் என்று எழுதப்போய், என் பேரு எங்கயும் வேண்டாம் என்று அவள் கேட்டது நினைவு வந்து முதல் எழுத்துக்கு முன்னாலேயே கையை நிறுத்தினாள். உலகம்மாள் என்கிற இடத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி என்று அடித்தாள். அப்படியானால் சாட்சி யார் என்று வரி கேட்டது. அதற்கு ஒரு பேர் வேண்டும், யாருடையதாவது. அவளுக்குக் காது சிவந்தது, கழுத்து வேர்த்தது, கதவைத் திறந்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் கூசியது, கூசக் கூச அடித்தாள், நட்சத்திரம், பக்கத்து நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள் நான், முப்பிடாதி.

சென்னை ஆட்கள் உள்ளே வந்தார்கள். கோமதிநாயகம் கும்பிட்டு, அவர்களை முன்னால் விட்டு, முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான். முப்பிடாதி அழிக்கிற கட்டையில் விரலை வைத்து, எடுக்காமல் அமுக்கிப் பிடித்தாள், கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று, அவள் பேர் போனது, நாற்காலி போனது, பிள்ளைத்தாய்ச்சி போனாள், திருடினவன் போனான், திரை வெறிச்சென்று ஆனது.

"முப்பிடாதி, உன் பிள்ள முழிச்சிட்டாட்டி, வா" என்று தங்கபுஷ்பம் தொட்டில் பக்கத்தில் இருந்து கூப்பிட்டாள்.

"இந்தா வாரேன்" என்று அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு அவள் எழுந்தாள், எழுந்து போகிற போக்கில் திரும்பிப் பார்த்தபோது கோமதிநாயகத்தின் நெற்றியில் வரிவரியாகப் புள்ளிகள் விழுந்து முடிந்திருந்தன, அவன் அது தெரியாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், சென்னைக்காரர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெற்றிக்குக் கிட்டத்தில் குனிந்து, விரலை ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் நகர்த்தி, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.